நடிகன் பெயர் வசவான கதை

ஒடிசியின் 19ஆம் காண்டத்தில் ஓர் இரவுக் காட்சி வருகிறது. இத்தாக்கா அரண்மனைக் கூடத்தில் தீக்கணப்பின் பக்கத்தில் அரசி பெனலோப்பி உட்கார்ந்திருக்கிறாள். எதிரே கந்தல் சுற்றிய ஒரு கிழப் பிச்சைக்காரன். அவளை மணந்துகொள்ளக் காத்துக் கிடக்கும் கூட்டம், வீட்டு ஆடுமாடுகளைத் தின்று தீர்த்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறது. அவள் தான் கண்ட கனவொன்றைச் சொல்கிறாள். வீட்டில் இருபது வாத்துகள் கோதுமை தின்றுகொண்டிருக்கின்றன. மலையிலிருந்து ஒரு கழுகு இறங்கி எல்லாவற்றின் கழுத்தையும் முறித்துப் போடுகிறது. அவள் அழுகிறாள். போன கழுகு திரும்பி வந்து உத்தரத்தில் உட்கார்ந்து மனிதக் குரலில் பேசுகிறது: வாத்துகள் அந்தக் கூட்டம், நான் உன் கணவன். விழித்துப் பார்த்தால் வாத்துகள் தொட்டியருகே பழையபடி கோதுமை கொத்திக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கனவின் பொருளை விரித்துச் சொல்லும்படி அவள் பிச்சைக்காரனைக் கேட்கிறாள். அதற்கு ஹோமர் எடுக்கும் வினைச்சொல் ‘ஹுப்போக்ரினோமை’. கேட்கப்பட்டவனோ பிச்சைக்காரனே இல்லை; இருபது ஆண்டு கழித்து வேடம் மாறி வந்திருக்கும் ஒடிசியஸ், அவள் கணவன். ஐரோப்பிய மொழிகளில் போலித்தனத்துக்கு நிலைத்துப்போன பெயர் பிறக்கப்போவது இந்த வினைச்சொல்லிலிருந்துதான். நமக்குத் தெரிந்த அதன் மிகப் பழைய இடங்களில் ஒன்று, வேடம் போட்டவனிடம் உண்மையைக் கேட்கும் இடம். ஆனால் அங்கே அதற்கு ஏமாற்று என்ற பொருள் துளியும் இல்லை. இலியத்தின் 12ஆம் காண்டத்திலும், பாம்பைக் கவ்விப் பறந்த கழுகைக் கண்டு குறி சொல்வதைப் பற்றிய பேச்சில் அதே வினைச்சொல் வருகிறது. ‘க்ரினோ’ என்றால் பிரித்தறிதல், தீர்ப்புச் சொல்லுதல். அடியில் கிடப்பதைப் பிரித்தெடுத்துச் சொல்வதுதான் இந்தச் சொல்லின் முதல் வேலை.

 

அயோனியக் கிரேக்கத்தில் இதே வினைச்சொல் ‘விடை சொல்லுதல்’ என்ற பொருளில் புழங்கியது. ஹெரடோட்டஸ் அப்படித்தான் எழுதுகிறார். இந்த இரண்டு பொருளில் எது ஏதென்ஸ் நாடக மேடைக்கு வந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. கோரஸின் பாட்டுக்கு விடை சொல்பவன் என்பதால் நடிகன் ‘ஹுப்போக்ரிட்டேஸ்’ ஆனான் என்பது ஒரு கட்சி. பழங்கதையின் பொருளைக் கூட்டத்துக்கு விளக்குபவன் என்பதால் ஆனான் என்பது மறு கட்சி. எப்படியானாலும் கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் அந்தப் பெயர் ஒரு தொழிலின் பெயர், அதுவும் கௌரவமான பெயர். எஸ்கிலஸ் நடிகர் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினார், சோஃபக்ளீஸ் மூன்றாக்கினார் என்கிறார் அரிஸ்டாட்டில். கி.மு. 449 வாக்கில் டயோனிசஸ் பெருவிழாவில் நாடகாசிரியருக்குப் போலவே நடிகருக்கும் தனிப் பரிசு வந்தது. நடிகர்கள் எல்லோரும் ஆண்கள். ராணியும் தாதியும் தேவதையும் முகமூடியை மாற்றியதும் வந்துவிடுவார்கள். துணியை விறைப்பாக்கி முடி வைத்துச் செய்த அந்த முகமூடிகளில் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ப்ரோனமஸ் ஜாடியில் நடிகர்கள் அவற்றைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்கள். முகமூடிக்குக் கிரேக்கத்தில் ‘ப்ரோஸோப்பான்’ என்று பெயர். முகத்துக்கும் அதே பெயர்தான்.

இந்தத் தொழில்மீது முதல் சந்தேகம் விழுந்த கதையை புளூட்டார்க் சொல்கிறார். வயதான காலத்தில், ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலன், தெஸ்பிஸ் என்பவரின் நாடகத்தைப் பார்க்கப் போனாராம். ஆட்டம் முடிந்ததும் தெஸ்பிஸைக் கூப்பிட்டு, இத்தனை பேர் எதிரே இவ்வளவு பொய் சொல்ல வெட்கமாயில்லையா என்று கேட்டார். விளையாட்டாகச் செய்வதில் குற்றமில்லை என்றார் தெஸ்பிஸ். சோலன் கைத்தடியால் தரையை ஓங்கி அடித்து, இந்த விளையாட்டை மெச்சினால் நாளைக்கு இது நம் ஒப்பந்தங்களுக்குள்ளும் புகுந்துவிடும் என்று எச்சரித்தார்.

கொஞ்ச நாளில் பைசிஸ்ட்ரேட்டஸ் என்ற அரசியல்வாதி தன் உடம்பில் தானே காயம் செய்துகொண்டு, வண்டியிலேறிச் சந்தை மைதானத்துக்கு வந்தான். எதிரிகள் தன்னைக் கொல்லப் பார்த்ததாகக் கூவினான். ஊர் நம்பியது. தடி தாங்கிய மெய்க்காவலர்களை வைத்துக்கொள்ள அனுமதித்தது. அந்தக் காவலர்களை வைத்தே அவன் கோட்டையைப் பிடித்துச் சர்வாதிகாரியானான். சோலன் அவனருகே போய், நீ ஹோமரின் ஒடிசியஸை நன்றாக நடிக்கவில்லை என்றாராம். ஒடிசியஸ் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு டிராய்க்குள் போனது எதிரிகளை ஏமாற்ற. நீயோ சொந்த ஊராரை ஏமாற்றுகிறாய் என்பது அவர் வாதம். புளூட்டார்க் அங்கே எழுதும் வினைச்சொல் நம் ஹுப்போக்ரினோமைதான்.

காலக்கணக்கு ஒட்டாத கதை இது. பைசிஸ்ட்ரேட்டஸ் முதலில் ஆட்சியைப் பிடித்தது கி.மு. 560 வாக்கில். தெஸ்பிஸ் டயோனிசஸ் விழாவில் அரங்கேறியதாக மரபு சொல்லும் ஆண்டு கி.மு. 534, அப்போது சோலன் உயிரோடு இல்லை. புளூட்டார்க் எழுதியதோ ஆறு நூற்றாண்டுக்கு மேல் கழித்து. ஆனாலும் மேடைப் பொய்யையும் ஊர்ப் பொய்யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதற்காக இந்தக் கதையை நான் மிகவும் மதிக்கிறேன். இதில் தெஸ்பிஸ் சொன்னதே சரி என்பது என் கட்சி. அரங்கில் உட்கார்ந்தவன் பொய்யைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறான். சந்தையில் கூடி நின்றவர்களுக்குத் தாங்கள் பார்வையாளர்கள் என்பதே தெரியாது.

தெரிந்தே ஏமாறுவதைப் புகழ்ந்தவரும் கிரேக்கத்தில் உண்டு. சிசிலியிலிருந்து கி.மு. 427இல் ஏதென்ஸுக்குத் தூது வந்த சொல்வல்லார் கோர்கியாஸ், துன்பியல் நாடகத்தை ‘அப்பாட்டே’ என்றார். அப்பாட்டே என்றால் ஏமாற்று. ஹெஸியட் அதை இரவின் மகளாகவே எழுதியிருக்கிறார். ஆனால் நாடகத்தில் மட்டும் ஏமாற்றுபவன் ஏமாற்றாதவனைவிட நேர்மையானவன், ஏமாறுபவன் ஏமாறாதவனைவிட அறிவாளி என்பது கோர்கியாஸின் துணிபு. நாடகத்தில் ஒன்றிப்போய்க் கண்ணீர் விட்ட எவரும் இதை மறுக்க மாட்டார்கள்.

இதற்கு மேலும் போன ஒரு நடிகனைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் அவுலஸ் கெல்லியஸ் எழுதிவைத்திருக்கிறார். போலஸ் என்று பெயர், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் பெரிய நடிகன். அவனுடைய அருமை மகன் இறந்துபோனான். துக்கம் காத்து முடிந்து மறுபடி மேடையேறும்போது அவனுக்கு வாய்த்தது சோஃபக்ளீஸின் எலெக்ட்ரா வேடம். அந்த நாடகத்தில் தம்பி ஒரெஸ்டஸின் சாம்பல் என்று நம்பி ஒரு கலசத்தை ஏந்தி எலெக்ட்ரா புலம்ப வேண்டும். கதைப்படி தம்பி சாகவில்லை, கலசம் பொய், அவனே எதிரில் மாறுவேடத்தில் நிற்கிறான். போலஸ் தன் மகனைப் புதைத்த இடத்திலிருந்து சாம்பல் கலசத்தை எடுத்துவந்து, எலெக்ட்ராவின் துக்க உடையில், அதைக் கட்டிக்கொண்டு அழுதான். அரங்கம் நாடகம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மேடையில் நடந்தது தகப்பனின் ஒப்பாரி. பொய்யான கலசத்துக்குள் உண்மையான சாம்பல். முகமூடிக்குள் இருந்த முகத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. இந்தச் சொல்லின் வாழ்க்கையில் இதைவிட உயரமான நாள் இன்னொன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதே நூற்றாண்டில்தான் சரிவும் தொடங்கியது. சொற்பொழிவில் முதன்மையானது எது என்று கேட்டதற்கு ஏதென்ஸின் பேச்சாளர் டெமஸ்தனீஸ் ‘ஹுப்போக்ரிஸிஸ்’ என்றும், அடுத்தது எது, அதற்கடுத்தது எது என்றபோதும் அதையே திருப்பிச் சொன்னதாகவும் கதை உண்டு. குரல், அங்க அசைவு, சொல்லும் முறை எல்லாம் சேர்ந்த கலை அது. சாட்டிரஸ் என்ற நடிகரிடம் அவர் பாடம் கேட்டதாகவும் சொல்வார்கள். ஆனால் தன் அரசியல் எதிரி ஈஸ்கினீஸைத் தாக்கும்போது டெமஸ்தனீஸ் கையிலெடுத்த ஆயுதம், அவர் முன்னாள் நடிகர் என்பது. நடிகர்களில் மூன்றாவது ஆள், செங்கோல் பிடித்துக்கொண்டு கொடுங்கோல் மன்னனாக வந்துபோகிறவன் என்று கி.மு. 343இல் ஏளனம் செய்தார். கி.மு. 330இல், டெமஸ்தனீஸுக்குப் பொற்கிரீடம் சூட்டுவதை எதிர்த்து ஈஸ்கினீஸ் நடத்திய வழக்கில் அந்த ஏளனம் இன்னும் கடுமையானது. ஈஸ்கினீஸ் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூட வாங்காமல் தோற்று ஊரைவிட்டே போனார். நடிகன் என்று சொன்னால் ‘உன் பேச்சை நம்ப முடியாது’ என்று கேட்பவர் காதில் விழ வைக்கலாம் என்பதை அரசியல் அன்று கற்றுக்கொண்டது. ஏதென்ஸ் அதே காலத்தில் நடிகர்களை மாசிடோனிய மன்னன் பிலிப்பிடம் தூது அனுப்பவும் செய்தது. மதிப்பும் சந்தேகமும் ஒரே தொழிலின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன.

சொல்லை முற்றிலும் வேறு திசைக்குத் திருப்பியவர்கள் கிரேக்கம் பேசிய யூதர்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் அலெக்சாந்திரியாவில் எபிரேய வேதம் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டு வந்தது. யோபு நூலின் கிரேக்க வடிவில் இரண்டு இடங்களில் இறைவனை மதிக்காத கெட்டவனைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு ஹுப்போக்ரிட்டேஸ் என்று போட்டிருக்கிறார்கள். நாடக அரங்கை அந்நியர் கோயிலாகப் பார்த்த மக்களுக்கு அந்தச் சொல் அப்படித்தான் ஒலித்திருக்கும்.

கிரேக்கத்திலேயே எழுதப்பட்ட மக்கபேயர் இரண்டாம் நூலின் 6ஆம் அதிகாரத்தில் எலயாசர் என்ற முதியவர் வருகிறார். மறைநூல் அறிஞர், வயது தொண்ணூறு. அந்தியோக்கு மன்னனின் ஆட்சியில், யூத சமயத்தை ஒழிக்கப் பன்றிக்கறி தின்னச் சொல்லி வாயைப் பிளக்கிறார்கள். அவர் துப்பிவிட்டு வதைக்கூடத்துக்கு நடக்கிறார். பலிக்குப் பொறுப்பாயிருந்தவர்கள் அவருக்குப் பழைய பழக்கம். தனியே அழைத்துப்போய் ஒரு வழி சொல்கிறார்கள்: நீங்கள் சாப்பிடக்கூடிய இறைச்சியை வீட்டிலிருந்து கொண்டுவந்து, மன்னன் சொன்னதைத் தின்பதுபோல் பாவனை செய்யுங்கள், உயிர் பிழைக்கலாம். கொடியவர்கள் சொன்ன யோசனை அல்ல, அன்பினால் சொன்னது. அந்தப் பாவனைக்கு நூலில் உள்ள சொல் ஹுப்போக்ரிஸிஸ். எலயாசர் மறுத்துவிட்டார். தொண்ணூறு வயதில் எலயாசர் மதம் மாறிவிட்டார் என்று இளைஞர்கள் நம்பித் தடம் புரள்வார்களே என்பது அவருடைய கவலை. அடிபட்டே இறந்தார்.

எலயாசரின் தட்டில் இருந்திருக்கக்கூடிய இறைச்சியில் விதிமீறல் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தவறு முழுவதும் பார்ப்பவர்களின் கண்ணில் நடந்திருக்கும். அங்கே பார்ப்பவர்களுக்கு அது நாடகம் என்று தெரியாது. போலஸின் கலசத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் இது.

இந்தப் பின்னணியோடுதான் சொல் நற்செய்தி நூல்களுக்குள் நுழைகிறது. புதிய ஏற்பாட்டில் ஹுப்போக்ரிட்டேஸ் என்ற பெயர்ச்சொல் வருவது மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றில் மட்டும், பெரும்பகுதி மத்தேயுவில். 23ஆம் அதிகாரத்தின் சாபங்களை எல்லோரும் அறிவார்கள். எனக்கு 6ஆம் அதிகாரம்தான் கூர்மையாகப் படுகிறது, ஏனென்றால் அங்கே அரங்கமே கட்டப்பட்டிருக்கிறது. தருமம் செய்யும்போது எக்காளம், தெருமுனையில் நின்று ஜெபம், நோன்பு நாளில் வாடிப்போன முகம். பிறர் ‘பார்க்க வேண்டும்’ என்று செய்வதைச் சொல்லும் கிரேக்க வினைச்சொல்லும் தியேட்டர் என்ற சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை. நோன்பாளிகளின் முகத்துக்கு நூல் எழுதுவது ப்ரோஸோப்பான், முகமூடியின் பெயர். அவர்கள் முகத்தை மறையச் செய்வது தாங்கள் தெரிய வேண்டும் என்பதற்காக. மறைதலும் தெரிதலும் கிரேக்கத்தில் ஒரே ஓசையில் மோதிக்கொள்கின்றன. கூலியை வாங்கிவிட்டார்கள் என்ற முடிவில் வரும் வினைச்சொல், அக்காலப் பாப்பிரஸ் ரசீதுகளில் ‘முழுத்தொகையும் பெற்றேன்’ என்று எழுதிய அதே சொல். கைதட்டல் கிடைத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது.

இயேசு பேசியது அராமிய மொழி. நாசரேத்திலிருந்து சில கிலோமீட்டரில் ஏரோது அந்திப்பா புதுப்பித்துக் கட்டிய செப்போரிஸ் நகரம் இருந்தது. அங்கே தோண்டியெடுத்த ரோமானிய அரங்கு இயேசுவின் காலத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று தொல்லியலார் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மத்தேயுவின் கிரேக்கத்துக்கு அந்தத் தீர்ப்பு தேவையில்லை. அவர் எழுதிய மொழியிலேயே அரங்கு இருந்தது. பவுல் இன்னொரு படி போனார். அந்தியோக்கியாவில் பேதுரு, யூதரல்லாதவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டதைக் கலாத்தியர் கடிதத்தில் ஹுப்போக்ரிஸிஸ் என்று பெயரிட்டே கண்டித்தார். தலைமைச் சீடரும் தப்பவில்லை.

அதே நூற்றாண்டில் பிறந்த எபிக்டீட்டஸ், அடிமையாயிருந்து தத்துவ ஆசிரியரானவர், இதே சொல்லை முழு மரியாதையோடு சொன்னார். மனிதன் ஒரு நாடகத்தின் ஹுப்போக்ரிட்டேஸ். வேடத்தைத் தேர்வது ஆசிரியர். பிச்சைக்காரனோ முடவனோ ஆட்சியாளனோ, கொடுத்ததை நன்றாகச் செய்வது உன் வேலை. ஒரே காலத்தில் ஒரே சொல் ஒருவர் வாயில் சாபமாகவும் இன்னொருவர் வாயில் கடமையாகவும் இருந்தது. வென்றது எது என்பது உலகறிந்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. மறைக்காமல் வேடம் போட்டவனின் பெயரை, வேடத்தை மறைத்தவனுக்குச் சூட்டிவிட்டார்கள்.

லத்தீனில் நடிகனுக்கு ‘ஹிஸ்ட்ரியோ’ என்று தனிப் பெயர் இருந்தது. ரோமானியச் சட்டத்தில் அந்தத் தொழிலே இழிவு. ‘ஹிப்போக்ரிட்டா’ என்ற இரவல் சொல்லுக்கு மேடைப் பொருளும் ஓரளவு இருந்தது. மேடையேறிய நீரோ சக்கரவர்த்தி கைச்செங்கோலை நழுவவிட்டுப் பதறியபோது, கைதட்டலில் யாரும் கவனிக்கவில்லை என்று சத்தியம் செய்து தேற்றிய துணை நடிகனை சுவெட்டோனியஸ் அப்படித்தான் குறிப்பிடுகிறார். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோமின் லத்தீன் விவிலியத்தில் மத்தேயுவின் வசைப்பொருள் நிலைத்தது, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகள் எல்லாம் அந்த வசையை மட்டும் எடுத்துக்கொண்டன. மேடை மறந்ததும் வேரும் கலைந்தது. இடைக்கால அகராதிக்காரர் உகுச்சோனே, ‘மேலே தங்கம்’ என்று அர்த்தப்படும்படி அதைப் பிரித்தார். தவறான பிரிப்பு, ஆனால் அதிலிருந்து தாந்தே ஒரு நரகத்தையே செய்தார். இன்ஃபெர்னோவின் 23ஆம் காண்டத்தில் போலிகள், வெளியே பொன்முலாம், உள்ளே ஈயம் வைத்த அங்கிகளைச் சுமந்து, முக்காடு கண்ணை மறைக்க, அழுதுகொண்டே மெல்ல மெல்லச் சுற்றி வருகிறார்கள்.

மோலியர் 1664இல் வெர்சாயில் ‘தார்த்யூஃப்’ போட்டபோது, பக்தி வேடம் பூண்ட ஏமாற்றுக்காரனை ஒரு நடிகன் மேடையில் நடித்தான். பாதிரிமார் கொதித்தார்கள், நாடகம் தடையானது, 1669இல்தான் பொது மேடைக்கு அனுமதி கிடைத்தது.

தமிழுக்கு இந்தச் சொல் விவிலியத்தோடு வந்தது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715இல். பின்னால் நிலைபெற்ற பழைய மொழிபெயர்ப்பில் நாம் கேட்டு வளர்ந்த சொல் ‘மாயக்காரர்’. கண்கட்டு வித்தையின் சாயல் உள்ள சொல் அது, மேடை அதில் இல்லை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘வெளிவேடக்காரர்’ என்று மாற்றியது. கூத்துக்காரர்கள் வேடம் கட்டுவார்கள், ஊரில் யாராவது பாசாங்கு செய்தால் வேஷம் போடாதே, நாடகம் ஆடாதே என்போம். கிரேக்கம் நடந்த வழியைத் தமிழும் தானாகவே நடந்திருக்கிறது. ‘வெளிவேடக்காரர்’ என்ற சொல்லில் மத்தேயுவின் அரங்கு மறுபடி கண்ணுக்குத் தெரிகிறது. மாயக்காரரின் ஓசை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் பொருளுக்கு நெருக்கம் இதுதான்.

கிரேக்கத்தில் இன்று நடிகருக்கு வேறு பெயர்: ‘இதோப்பியோஸ்’, குணத்தைப் படைப்பவர். ‘இப்போக்ரிட்டிஸ்’ என்று யாரையாவது சொன்னால் சண்டைதான் வரும். ஆனால் நடிப்புக் கலைக்கு அவர்கள் புதுப்பெயர் தேடிப் போகவில்லை. ஏதென்ஸின் நாடகப் பள்ளிகளில் மாணவர்கள் இன்றைக்கும் படிக்கும் அந்தப் பாடத்தின் பெயர் ‘இப்போக்ரிட்டிகி’.